சந்தூக் வந்து சேர்ந்தது

போன வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் ஹனீபா. பக்கத்து வளவுக்காரர். கையில் நாலாக மடித்த கொப்பித் தாள்.

“சேர், இதக் கொஞ்சம் இங்கிலீசில எழுதித் தரணும்.”

விரித்துப் பார்த்தேன். கட்டில் ஒன்று. அலுமாரி ஒன்று. மேசை ஒன்று. கதிரை ஆறு. அம்மியும் குழவியும்...

“அம்மியுமா ஹனீபா?”

“அது இல்லாம அவ பிளேன் ஏறமாட்டாவாம் சேர்.”

ஹனீபாவுக்கு ஓமானில் வேலை. இந்த முறை குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகிறார். வீட்டுச் சாமானைக் கப்பலில் அனுப்புவதா, போன இடத்தில் வாங்கிக்கொள்வதா? புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒரு மாதமாக இதுதான் சண்டை. பட்டியலோடு தீர்ப்பும் கேட்டு என்னிடம் வந்திருக்கிறார்.

உபதேசம் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் நான் சோற்றை மறந்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியாததா? வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் செய்வதும் அதுதானே! ஆனால் அன்று எனக்கு வாய் வரவில்லை. தாளின் கடைசி வரியில் கண் நின்றுவிட்டது.

‘மரப்பெட்டி – இரண்டு.’

சட்டென்று தாளைக் கவிழ்த்து வைத்தேன். குசினிக்குள்ளிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். “இன்னும் அந்தப் பயம் போகல்லியா ஒங்களுக்கு?”

போகவில்லை. ஆறு வருஷமாகிறது. இன்னும் போகவில்லை. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அன்று நான் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரு தங்கை. பெயர் ஜெசீமா. அவளுக்கு நான் காக்கா, அதாவது அண்ணன். எங்கள் பகுதி வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கல்யாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுடையது. வீட்டுக்குள் இருக்கும் கட்டில், அலுமாரி, கதிரை எல்லாமே பெண்ணுடையதுதான். நானும் அப்படித்தான் – இன்றுவரை மனைவியின் கட்டிலில்தான் படுக்கிறேன். கோபம் வந்து ‘இது என்ட வீடு’ என்று நான் கத்தினால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எங்கள் வாப்பா நேரத்தோடு மவுத்தாகிவிட்டார். அதனால் தங்கைக்கு வீடு கட்டியது நான். முதிரைப் பலகை வாங்கி, நற்பிட்டிமுனை ஓடாவியார் ஒருவரிடம் கொடுத்துக் கட்டில் செய்வித்ததும் நான். நாலு காலும் கடைசல் பிடித்த கால்கள். அதைத் தூக்கி வீட்டுக்குள் வைக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். ஜெசீமாவுக்கு அந்தக் கட்டிலில் அப்படி ஒரு பெருமை.

அந்தக் கட்டிலுக்கு மாப்பிள்ளையாக வந்தவன் நஸீர். தங்கமான பிள்ளை. எட்டு மாதம் இருந்தான். பிறகு கட்டாருக்குப் போய்விட்டான். ஒரு கட்டுமானக் கம்பனியின் ஸ்ரோரில் வேலை. இரண்டு வருஷம் கழித்து ஒரு கசெட் வந்தது. அப்போதெல்லாம் எழுதப் பஞ்சிப்பட்டவர்கள் கசெட்டில் பேசித்தான் அனுப்புவார்கள், ஞாபகமா? அயல் சனம் முழுக்கச் சுற்றி உட்கார்ந்து கேட்கும்.

“குடும்ப விசாவுக்குப் போட்டிரிக்கன். சாமான் ஒன்டும் கொண்டுவரத் தேவல்ல. இங்க எல்லாம் கிடைக்கும். ஊருக்குப் போறவங்க கட்டில், அலுமாரியெல்லாம் மலிவா வித்துப்போட்டுத்தான் போறாங்க...”

ஜெசீமா பட்டென்று கசெட்டை நிறுத்தினாள்.

“யாரோ படுத்த கட்டிலிலயா நான் படுக்கிற? மவுத்தாப் போனவன்ட கட்டிலா இருந்தா?”

“ஊருக்குப் போனவன் என்டுதானே புள்ள சொல்றான்...”

“எந்த ஊருக்கு என்டு யாருக்குத் தெரியும் காக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அடுத்த நியாயத்தை எடுத்தாள். “அதோட, அவர் வாங்கி வச்ச கட்டிலுக்கு நான் போறதா? நல்லாரிக்கி! அவர்தான் என்ட கட்டிலுக்கு வந்தவர். எந்த நாட்டுக்குப் போனாலும் என்ட கட்டில்தான்.”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஊர் வழக்கம் முழுக்க அவள் பக்கம் நிற்கிறது!

ஆக, கட்டில் கப்பலேறியது. அதே ஓடாவியார் வந்து கட்டிலைக் கழற்றி, இரண்டு மரப்பெட்டி அடித்து, வைக்கோலும் பழைய போர்வையும் திணித்து, ஆணி அறைந்தார். லொறியில் கொழும்புக்குப் போனது. போய்ச்சேர நாலு மாதம் செல்லும் என்று ஏஜென்ட் சொன்னான். ஜெசீமா வெறும் அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தாள். வீட்டில் நாங்கள் அதைச் ‘சாமான்’ என்போம். சில நேரம் ‘பெட்டி’ என்போம்.

இரண்டு மாதம்தான் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை. ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பு வாசலில் தந்திப் பியூன்.

எங்கள் தெருவுக்கு வரும் தந்தியையெல்லாம் அவன் நேராகப் பள்ளிக்கூடத்துக்குத்தான் கொண்டுவருவான். வீட்டில் கொடுத்தால் வாசிக்க ஆளில்லை. வாசிக்கும் முன்பே அழத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே நான்தான் தெருவின் தந்தி வாசகன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. மறைப்பானேன்?

பிரித்தேன். எல்லாம் பெரிய எழுத்து. நடுவில் ஒரு கமாகூட இல்லை.

‘நஸீர் சந்தூக் அரைவ்ட் போர்ட் வன் லெக் புறோக்கன் டோன்ட் டெல் வைஃப் லெற்றர் ஃபொலோஸ் தேவதாஸ்.’

நஸீர். சந்தூக். துறைமுகத்துக்கு வந்துவிட்டது. ஒரு கால் உடைந்திருக்கிறது. மனைவிக்குச் சொல்ல வேண்டாம். கடிதம் வருகிறது. தேவதாஸ்.

சந்தூக் என்றால் எங்களுக்கு என்ன? பள்ளிவாசலின் பின் தாழ்வாரத்தில் பச்சைத் துணி போட்டு மூடி வைத்திருக்கும் பெட்டி. இறந்தவரின் ஜனாஸாவை வைத்துத் தோளில் தூக்கிப்போகும் பெட்டி. வேறு எதற்கும் எங்கள் வாயில் அந்தச் சொல் வராது. சின்ன வயதில் பந்து அந்தப் பக்கம் உருண்டால் பந்தையே விட்டுவிட்டு ஓடிவருவோம்.

மறுபடி வாசித்தேன். மூன்றாம் தரம் வாசித்தேன். எத்தனை தரம் வாசித்தாலும் நஸீர் மவுத்துத்தான். விபத்து. கால் உடைந்து, ஆள் போய், இப்போது துறைமுகத்தில் ஜனாஸா கிடக்கிறது. யா அல்லாஹ்! கையிலிருந்த சோக்கட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. பிள்ளைகள் ஏதோ கேட்டார்கள்.

தந்தியைச் சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு சைக்கிளில் தங்கை வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அவள் தையல் மெஷினில் இருந்தாள். புது வீட்டு யன்னலுக்குத் திரைச்சேலை தைக்கிறாளாம். அங்கே எத்தனை யன்னல் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

“என்ன காக்கா இந்த நேரத்தில? விசா வந்திச்சா?”

“இல்ல புள்ள. சும்மாதான்... தண்ணி குடிக்க வந்தன்.”

தண்ணீர் தந்தாள். ஒரே மூச்சில் குடித்தேன். பயம் என்றால் நான் அதுவரை கேள்விப்பட்டது மட்டும்தான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, காப்பு குலுங்கக் குலுங்கத் துணி வெட்டுகிறாள். என் பொக்கற்றுக்குள் ஒரு தாள் கிடக்கிறது. அதை நான் வாசித்துவிட்டால் அந்தக் காப்பு கழன்றுவிடும். நான் வாசிக்கும்வரை அவளுக்குப் புருஷன் இருக்கிறான்!

எழும்பி வந்துவிட்டேன்.

தனியாகத் தாங்க முடியவில்லை. அதனால் ஒரு பிழை செய்தேன். உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பள்ளிவாசல் மரைக்கார் – அவரிடம் போய்த் தந்தியைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். ‘சந்தூக்’ என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னாலில்லாஹி... மருமகன், மவுத்த மறைக்கப்படாது. உடன சொல்லணும். பொண்டாட்டிக்கு இத்தா இரிக்கி.”

இத்தா என்றால் நாலு மாதமும் பத்து நாளும். வெள்ளை உடுத்து, நகை கழற்றி, வீட்டுக்குள் இருக்க வேண்டும். விசா வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

“மனைவிக்குச் சொல்ல வேணாம் என்டு போட்டிரிக்கே மாமா?”

“ஜனாஸா வந்து சேரும்வரைக்கும் அழவிடப்படாது என்டு போட்டிரிப்பான். தேவதாஸுக்கு நம்மட சட்டம் தெரியுமா?”

தேவதாஸ் நஸீரோடு ஒரே ஸ்ரோரில் வேலை செய்பவர். கல்முனைக்காரர். மெதடிஸ்ற் கிறிஸ்தவர். அந்தத் துக்கத்திலும் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. “பாருங்க மாமா, ‘பொக்ஸ்’ என்டு எழுதாம நம்மட சொல்லையே போட்டிரிக்காரு. வேற மனிசனா இருந்தா இப்படி யோசிப்பானா?”

மாமாவின் கண் கலங்கிவிட்டது. “அல்லாஹ் அவனுக்கு ஹிதாயத்தக் குடுக்கணும், நேர்வழியக் காட்டணும்” என்றார்.

“கொஞ்சம் பொறுங்க மாமா. தேவதாஸ்ட வீட்டுக்குப் போய் விசாரிச்சிட்டு வாறன். என்ன நடந்த, எப்ப நடந்த என்டாவது தெரியணும்.”

“அசர் தொழுகை வரைக்கும் பாக்கிறன். அதுக்குப் புறகு நானே போய்ச் சொல்லுவன்.”

சைக்கிளை மிதித்தேன். பாண்டிருப்புப் பக்கம், பஸாரைத் தாண்டிப் போக வேண்டும். கொளுத்தும் வெயில். எதிரே வந்தவர்களெல்லாம் ஸலாம் சொன்னார்கள். ஒருவருக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மண்டைக்குள் ஒரே கேள்வி. கால் எப்படி உடைந்தது? துறைமுகத்துக்கு அவன் ஏன் போனான்? திடீரென்று விளங்கியது... பெட்டி! ஜெசீமாவின் பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருப்பான். ஆறு பேர் தூக்கும் கட்டில். மேலேயிருந்து இறக்கும்போது காலில் விழுந்திருக்கும்.

அப்படியென்றால் அவனைக் கொன்றது யார்? அந்தக் கட்டிலைச் செய்வித்தவன் நான். அனுப்பியவனும் நான். ‘அங்கேயே வாங்கு’ என்று அவன் தன் வாயால் சொன்னானே! ஒரு வார்த்தை அதட்டிச் சொல்லியிருந்தால் தங்கை கேட்டிருக்க மாட்டாளா? சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மறுபடி ஏறி மிதித்தேன்.

தேவதாஸின் மனைவி கிறேஸ் டீச்சர். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறவர் என்பதால் எனக்கு நல்ல பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு, பின்னேர வகுப்பும் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பைக் கண்டு இன்னும் பயந்தேன். இவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறதே!

“வாங்க சேர், இரிங்க. என்ன இந்த வெயிலுக்குள்ள? நில்லுங்க, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்.”

வேண்டாம் என்று சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். தேநீரோடு வந்தார். கோப்பையைக் கையில் வாங்கினேன். எப்படித் தொடங்குவது?

“டீச்சர்... மிஸ்ரர் தேவதாஸ் கடிதம் ஏதும் போட்டாரா?”

“ஓம் சேர், போன கிழமை வந்தது. அவருக்கென்ன, சுகமாத்தான் இரிக்கார். உங்கட மச்சானுக்குத்தான் தூரத்தில ஒரு சைட்டில வேலையாம். அங்க தபால் கந்தோர் ஒண்டும் இல்லையாம். அதால நஸீர்ட சந்தூக் வந்தவுடன தான்தான் உங்களுக்குத் தந்தி அடிக்க வேணும் எண்டு எழுதியிருந்தவர்.”

போன கிழமைக் கடிதம். அதில் நஸீரின் சந்தூக்! ஆள் உயிரோடு இருக்கும்போதே சந்தூக்குக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களா?

“சந்தூக்... வந்தவுடனயா டீச்சர்?”

“ஓம் சேர். எங்களுக்கும் ஒண்டு அனுப்புறாராம்.”

“என்ன?”

“சந்தூக்தான். சின்னனா ஒண்டு. பிள்ளைக்கு மூண்டு சில்லுச் சைக்கிள் வச்சு...”

கோப்பை சரிந்தது. தேநீர் முழுக்க என் மடியில். சுட்டது. சுட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

“டீச்சர்... சந்தூக் என்டா என்ன?”

“என்ன சேர், அது உங்கட அரபுச் சொல்தானே? என்னட்டக் கேக்கிறீங்க! மரப்பெட்டி. சாமான் போட்டு வாற பெட்டி. அவங்கட ஸ்ரோரில நாள் முழுக்க இந்தச் சந்தூக்கத் திற, அந்தச் சந்தூக்கத் தூக்கு எண்டுதானாம் கதைக்கிறது. இப்ப இவர் கடிதத்திலயும் பெட்டி எண்டு எழுதுறதே இல்ல.”

உள்ளே போய்க் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல தமிழில் எழுதியிருந்தது. ‘நஸீரின் மனைவியினுடைய கட்டில் வரும் சந்தூக்.’

நான் அழுதேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? பாடம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார், மடியெல்லாம் தேநீரோடு, அடுத்தவர் வீட்டுக் கதிரையில் இருந்து விக்கி விக்கி அழுதேன். தந்தியை எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சொல் எங்களுக்கு என்ன என்று சொன்னேன். கிறேஸ் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கர்த்தரே! சேர், தங்கச்சிக்குச் சொல்லிட்டீங்களா?”

அப்போதுதான் மாமாவின் ஞாபகம் வந்தது. மணியைப் பார்த்தேன். மூன்றரை!

அந்த மூன்று மைலை எப்படி மிதித்தேன் என்று கேட்காதீர்கள். பாதி வழியில் அசர் பாங்கு கேட்டது. வாழ்நாளில் முதல் தரம், ‘றப்பே, பாங்கு கொஞ்சம் பிந்தியிருக்கக் கூடாதா’ என்று நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மாமா தொழுகை முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. வாசல் நிறையச் செருப்பு. உள்ளே பெண்களின் ஒப்பாரி. என் மனைவி கையில் வெள்ளைத் துணியோடு நிற்கிறாள். அந்த வெறும் அறையில், கட்டில் இருந்த இடத்தில், சுவரோடு சாய்ந்து ஜெசீமா. அழவில்லை. கண்ணைத் திறந்தபடி இருந்தாள். அவளுடைய காப்பெல்லாம் உம்மாவின் மடியில் கிடந்தது.

வாசலில் நின்றே கத்தினேன். “நஸீருக்கு ஒன்டுமில்ல! வந்தது பெட்டி! பெட்டிதான் வந்திரிக்கி!”

ஒப்பாரி இரண்டு மடங்காகியது. பெட்டி வந்துவிட்டதாம்! ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் புள்ளைக்கும் மூள பிசகிட்டு” என்று அழுதார். தேநீர் கொட்டிய உடுப்போடு வேர்த்து விறுவிறுத்து நின்றவனைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தினேன். மாமா நம்பவில்லை. “சந்தூக்குக்குப் புது அர்த்தமா? நம்மட பள்ளியில கிடக்கிற என்ன அப்ப, அலுமாரியா?” என்று என்மேல் பாய்ந்தார். ஜெசீமா கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினாள். தந்தியை வாங்கினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. விரலை வைத்துக் கேட்டாள்.

“இதில கட்டில் என்டு இரிக்கா காக்கா?”

“இல்ல.”

“பெட்டி என்டு?”

“இல்ல.”

“கால் உடைஞ்ச என்டு இரிக்கா?”

“ஓம்... ஆனா அது கட்டில் கால் புள்ள.”

“கட்டில் கால் என்டா எனக்கு ஏன் சொல்ல வேணாம் என்டு போடணும்?”

“நீ ஏசுவாய் என்டு பயந்துதான்!”

“நான் ஏசுவனா?”

அந்த நேரத்திலும் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஜெசீமா சிரிக்கவில்லை. “என்னப் பேக்காட்டாதீங்க காக்கா. அவர்ர குரலக் கேக்காம நான் இந்தக் காப்பப் போடமாட்டன்” என்றாள். வெள்ளையும் உடுக்கவில்லை, காப்பும் போடவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் இருந்தாள். அதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. கிறேஸ் டீச்சருக்கும் தெரியாமல் ஏதும் நடந்திருந்தால்? கடிதம் போன கிழமை எழுதியதுதானே?

உடனே தபால் கந்தோருக்கு ஓடி ஒரு தந்தி அடித்தேன். தங்கை சொன்னபடியே, இரண்டே சொல். ‘ஹூஸ் லெக்?’ யாருடைய கால்?

மறுநாள் ஜும்ஆவுக்கு முன்பு பதில் வந்தது. தேவதாஸ் சிக்கனக்காரர். ஒரே சொல்.

‘பெட்.’

கட்டில்தான். சந்தேகமில்லை. சந்தோஷத்தில் சத்தமாக வாசித்தேன். உம்மா நெஞ்சில் கை வைத்தார். “பெட்டா? ஆஸ்பத்திரியிலயா? எத்தினையாம் வார்ட்டாம் மனே?”

பார்த்தீர்களா? பயந்த வீட்டில் எந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைத்தாலும் அது பயத்தின் பக்கமே சாயும். படுக்கைக்கும் கட்டிலுக்கும் இங்கிலீஷ்காரன் ஒரே சொல்லை வைத்தது என் குற்றமா? முந்திய நாள்வரை என் இங்கிலீஷைத் தெரு முழுக்க நம்பியது. அன்றிலிருந்து என் உம்மாவே நம்பவில்லை.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை நஸீரே பேசினான். கிறேஸ் டீச்சர் அவசரத் தந்தி ஒன்று அடித்து, டெலிபோன் உள்ள ஒரு புடவைக் கடையின் இலக்கத்தையும் அனுப்பியிருந்தார். காலையிலிருந்து அந்தக் கடையில் காத்துக் கிடந்தோம். துணிக் கட்டுகளுக்கு நடுவில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெசீமா. மணி அடித்தது. ரிசீவரை அவள் காதில் வைத்தேன். நஸீர் கத்திய கத்தல் எனக்கும் கேட்டது.

“ஜெசீமா... கோவிக்காத புள்ள... அந்தக் கால் இரிக்கே...”

“எந்தக் கால்?”

“கட்டில் கால்தான். கப்பலில அடிபட்டு ஒன்டு உடைஞ்சிட்டு. ஒனக்குச் சொல்ல வேணாம் என்டுதான் தேவதாஸுக்குச் சொன்னன்...”

“ஒங்கட கால்?”

“என்ட காலுக்கு என்ன? என்ட கால் நல்லாத்தானே இரிக்கி?”

அழுதாள். மூன்று நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். ‘ஹலோ, ஹலோ, கட்டிலுக்கா அழுற? இங்க செஞ்சுக்குவம் புள்ள’ என்று அவன் மறுபுறம் பதறுகிறான். மூன்று நிமிஷம் முடிந்து லைன் வெட்டுப்பட்டது. உம்மா மடியிலிருந்த காப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் போட்டுவிட்டார். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்று, மடித்திருந்த துணியையே மறுபடி மடித்தார்.

சந்தூக் என்ற சொல்லும் ஒரு காலத்தில் கப்பலில் வந்த சாமான்தான் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. அரபிக்காரர் வெறும் பெட்டிக்கு வைத்த பெயர். நாங்கள் அதை இறக்கி, மிகப் பெரிய பயத்துக்கு மட்டும் என்று எடுத்து வைத்துவிட்டோம். தேவதாஸ் அதே சொல்லை அங்கேயே புதிதாக வாங்கினார். அவரிடம் அது புழங்குகிற சாமான். எங்களிடம் பச்சைத் துணி போட்டு மூடிய சாமான். நடுவில் அகப்பட்டது என் தங்கை.

இதையெல்லாம் ஹனீபாவுக்குச் சொல்லி முடிக்கும்போது சோறு நன்றாக ஆறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப சேர், அனுப்புறதா? வாங்குறதா?”

“அனுப்புங்க, இல்லாட்டி அங்க வாங்குங்க. அது ஒங்கட பாடு ஹனீபா. ஜெசீமாட கட்டிலுக்கு இப்ப மூனு கால் முதிரை, ஒரு கால் கட்டார் இரும்பு. நல்லாத்தான் நிக்கிதாம். சாமான எங்கயும் வாங்கலாம். தந்தியில எழுதுற சொல்ல மட்டும் இங்க இருந்து கொண்டுபோங்க.”

அவர் எழும்பிப் போகும்போது வாசலில் நின்று கேட்டார். “ஒங்கட தங்கச்சி போய்ச் சேந்த உடன தந்தி அடிச்சாவா சேர்?”

அடித்தாள். விசா வந்து, அவள் போய், மூன்றாம் நாள். அதே ஆறாம் வகுப்பு வாசல், அதே பியூன். பிரிக்க எனக்குக் கை வரவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ‘ஃபோர் லெக்ஸ் ஸேஃப் ஜெசீமா.’ நாலு காலும் சுகம்!

அது கட்டிலின் நாலு காலா, அவர்கள் இரண்டு பேருடைய நாலு காலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டு, பதிலுக்கு இன்னொரு தந்தி வாங்க எனக்கு நெஞ்சில் பலம் இல்லை.